பெரிய டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் செய்த உடனே டிஃபரென்ஷியல் ரிலே டிரிப் ஆகிறது, செட்டிங்கை மாற்றலாமா?

நீங்கள் சொன்னதன் சுருக்கம்: பராமரிப்பு முடிந்த பவர் டிரான்ஸ்ஃபார்மர், டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பிரேக்கர் குளோஸ் ஆகி மின்சாரம் ஏறியதும் (அதைத்தான் சார்ஜ் என்கிறோம்), இரு பக்கக் கரண்டையும் ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே டிரிப் கொடுக்கிறது. இரண்டு முறை போட்டுப் பார்த்தாயிற்று, மூன்றாவது முறை செகண்ட் ஹார்மோனிக் செட்டிங்கைக் குறைத்துவிட்டுப் போடலாமா என்கிறீர்கள். சார்ஜ் செய்யும் கணத்தில் கோரைக் காந்தமாக்கப் பாயும் பெரிய கரண்டுதான் இன்ரஷ். அதில் செகண்ட் ஹார்மோனிக் (இரட்டை அதிர்வெண் பகுதி) அதிகம்; அதன் சதவீதம் செட்டிங்கைத் தாண்டினால், இது ஃபால்ட் அல்ல என்று ரிலே டிரிப்பைத் தடுக்கும்.

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ரிலேயிலிருந்து டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை (டிரிப் நேரத்துக் கரண்ட் அலைகளின் பதிவை) இறக்குங்கள். அதைப் பார்க்காமல் பிரேக்கரைத் தொடாதீர்கள். சார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் வைண்டிங் பெரிய விசையைத் தாங்குகிறது. உள்ளே உண்மையிலேயே ஃபால்ட் இருந்தால், சின்னதாக முடிய வேண்டிய பழுது டேங்க் வரை போய்விடும்.

ரெக்கார்டில் அலையின் வடிவத்தைப் பாருங்கள். இன்ரஷ் என்றால் கரண்ட் பூஜ்யக் கோட்டுக்கு ஒரே பக்கமாக மேடு மேடாக எழும். இரண்டு மேடுகளுக்கு நடுவே கோட்டை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். மேடுகளின் உயரம் மெல்ல மெல்லக் குறையும். பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் இது அடங்கப் பல விநாடிகள் ஆகலாம். ஃபால்ட் கரண்ட், தொடக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், நடுவில் அந்தப் படுத்த பகுதி இல்லாமல் முழு அலையாகவே ஓடும்.

எனக்கும் ஒருமுறை இப்படித்தான் ஆனது. குளோஸ் செய்த மூன்றாவது சைக்கிளில் டிரிப். கன்ட்ரோல் ரூமில் ஃபோன் ஓயவில்லை, எல்லோரும் "இன்னொரு தடவை போடுங்க" என்றார்கள். லேப்டாப்பில் அலையைத் திறந்தால் மூன்று ஃபேஸிலும் சுத்தமான இன்ரஷ். ஆனால் ஒரு ஃபேஸில் செகண்ட் ஹார்மோனிக் 11 சதவீதம்தான், ரிலேயில் வைத்திருந்தது 15. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் மெதுவாகச் சொன்னார்: "சார், நேத்து சாயங்காலம் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுத்தோம்ல? அதுக்கப்புறம் ஒண்ணுமே செய்யல." விஷயம் அங்கேதான் இருந்தது. அந்த டெஸ்டில் வைண்டிங் வழியாக டிசி கரண்ட் விடுகிறோம். நிறுத்திய பிறகும் கோரில் காந்தம் தங்கிவிடுகிறது. அடுத்து சார்ஜ் செய்யும்போது மின்னழுத்த அலை தவறான இடத்தில் மாட்டினால், புதிதாக எழும் ஃப்ளக்ஸ் அந்த மிச்சத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, கோர் ஆழமாகச் சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது மேற்கொண்டு காந்தம் ஏற்காத நிலைக்குப் போய்விடும். அப்போது மேடுகள் அகலமாகும், படுத்த பகுதி சுருங்கும், செகண்ட் ஹார்மோனிக் விகிதமும் இறங்கும். ரிலே அதை ஃபால்ட் என்றே எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் கிட்டில் இருந்த, கோரின் காந்தத்தை நீக்கும் டீமேக் வசதியை ஓட்டினோம். டிசியைத் திசை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே வருவதுதான் அது. அடுத்த குளோஸில் உச்ச கரண்ட் முந்தையதில் பாதிகூட இல்லை, ரிலேயும் அசையவில்லை. செட்டிங்கில் கை வைக்கவே தேவைப்படவில்லை. பராமரிப்பு முடிந்ததும் டிரிப் என்றால் இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

டீமேக் செய்த பிறகும் விகிதம் குறைவாகவே வந்தால்தான் செட்டிங்கைப் பற்றிப் பேசலாம். இன்றைய கோர் டிசைன்கள் சிலவற்றில் ஒரு ஃபேஸில் செகண்ட் ஹார்மோனிக் இயல்பாகவே குறைவாக வரும். அப்போது கொஞ்சம் இறக்குவதோ, ஒரு ஃபேஸ் மற்றவற்றையும் தடுக்கும் கிராஸ் பிளாக்கிங்கைச் சில சைக்கிளுக்கு மட்டும் வைப்பதோ நியாயமானது. கிராஸ் பிளாக்கிங்கை நிரந்தரமாக ஆனில் விடாதீர்கள். சார்ஜ் செய்யும் நேரத்தில் ஒரு ஃபேஸில் ஃபால்ட் இருந்தால், மற்ற ஃபேஸின் இன்ரஷ் டிரிப்பைப் பிடித்து வைத்துவிடும். ஹார்மோனிக்கையே பார்க்காமல், கரண்ட் மிக அதிகமானால் உடனே டிரிப் கொடுக்கும் ஹைசெட் எலிமென்ட் டிரிப் ஆகியிருந்தால் கதை வேறு. அதன் பிக்கப் (அது டிரிப் ஆகும் கரண்ட் அளவு), வரக்கூடிய உச்ச இன்ரஷுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெக்டர் குரூப் (வைண்டிங் இணைப்பு முறை) தப்பு, சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ரேஷியோ தப்பு என்று பலர் ஓடுவார்கள். லோடு இல்லாமல் சார்ஜ் செய்யும்போது ஒரு பக்கத்தில் மட்டும்தான் கரண்ட். ஒப்பிட இன்னொரு பக்கமே இல்லை. அந்தத் தப்புகள் லோடு ஏறும்போதுதான் வெளியே வரும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் நடக்கும் எர்த் ஃபால்ட்டை மட்டும் பார்க்கும் ரெஸ்ட்ரிக்டெட் எர்த் ஃபால்ட் ரிலே அப்படியில்லை: நியூட்ரல் சிடியின் போலாரிட்டி மாறியிருந்தால் சார்ஜ் செய்த உடனேயே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் மூன்று ஃபேஸ் இன்ரஷும் சமமில்லாமல் நியூட்ரலில் கரண்ட் ஓடுகிறது. பேக்கப் எர்த் ஃபால்ட் டிரிப் ஆவதற்கும் பெரும்பாலும் அந்தக் கரண்டே காரணம். பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆனால், அதுவும் புதியதன் இன்ரஷுக்கு இழுபட்டிருக்கலாம்.

ரெக்கார்டோடு, டேங்கிலிருந்து வரும் கேஸையும் ஆயில் பாய்ச்சலையும் உணரும் புக்கோல்ஸ் ரிலேயையும் பாருங்கள். அதில் டிரிப் வந்திருந்தால் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆயில் புதிதாக நிரப்பியிருந்தால் சிக்கிய காற்று வெளியேறியிருக்கலாம், ஆயில் பம்ப் ஸ்டார்ட் ஆன வேகத்தில் சர்ஜ் ஃபிளாப் தள்ளப்பட்டிருக்கலாம். ஆனாலும் கேஸை எடுத்துப் பரிசோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள். எரியும் கேஸ் இருந்தாலோ, ஆயில் சாம்பிளில் முன்பு இல்லாத அசிட்டிலீன் வந்திருந்தாலோ, அந்த டிரான்ஸ்ஃபார்மரை ஐசோலேட் செய்து வைத்துவிட்டு, உள்ளே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.