வீட்டு வேலைக்கு கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர்: 3.6 வோல்ட் போதுமா, 12 வோல்ட் வேண்டுமா?

கப்போர்டு கீல் மாற்ற வேண்டும், ஆன்லைனில் வாங்கிய மேசையைப் பூட்ட வேண்டும், ஸ்கிரீன் கம்பி மாட்ட வேண்டும் என்று மூன்று வேலை சொல்லியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும், ஸ்க்ரூவும் முடுக்கி மரத்தில் துளையும் போடும் 12 வோல்ட் டிரில் டிரைவர் வாங்குங்கள். மூன்றாவதற்கு நீங்கள் கேட்ட இரண்டுமே உதவாது.

நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே ஓடுவது கான்கிரீட் லிண்டல். ஸ்கிரீன் கம்பியின் கிளாம்ப் பெரும்பாலும் அங்கேதான் வரும். அதில் 6 மில்லிமீட்டர் துளை போட, பிட்டை (கருவியின் முனையில் மாட்டும் துண்டு) முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே சுற்றும் ஹேமர் டிரில் வேண்டும். அதற்கு ஒயர் உள்ள மெஷின்தான் லாபம். பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் ஒரு மணி நேரம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் இம்பாக்ட் டிரைவரைக் காட்டினால் ஏமாற வேண்டாம். அது சுற்றும் திசையில்தான் அடிக்கும். நீளமான ஸ்க்ரூ ஏற்ற அருமையான கருவி, ஆனால் சுவருக்கு ஆகாது.

சரி, 3.6 வோல்ட் ஏன் வேண்டாம்? முறுக்கு விசை சுமார் 3 முதல் 5 நியூட்டன் மீட்டர்தான். நாம் கையால் திருப்புளி பிடித்து முடுக்குகிற அளவு. மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்ட அது சுகமான சாமான், எடையும் குறைவு. ஆனால் தேக்கு நிலையில் பழைய கீலின் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தால் மோட்டார் முனகி நின்றுவிடும். பலவற்றில் பேட்டரி உள்ளேயே இருப்பதால், அது செத்தால் கருவியே குப்பை. என்னிடம் இருப்பது பாஷ் ஜிஎஸ்ஆர் 120-எல்ஐ. 12 வோல்ட், 30 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டர் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்). மரத்தில் துளையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம்.

வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு லித்தியம் அயான் செல் சுமார் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்று செல் சேர்ந்ததைத்தான் 12 வோல்ட் என்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18; அதையே முழு சார்ஜ் கணக்கில் 21 என்று போட்டு விற்பவர்கள் உண்டு. கையடக்கமான பேட்டரியில் 48, 88 என்று அச்சடித்து மலிவு விலைக்கு வரும் செட்டுகளின் எண்ணை நம்பாதீர்கள்.

வோல்ட்டைவிட நான் பார்ப்பது கிளட்ச். சக்கின் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கும். வைத்த எண்ணுக்குரிய இறுக்கம் வந்ததும் கடகடவென்று சத்தம் போட்டு வழுக்கிவிடும், மேற்கொண்டு முடுக்காது. பார்ட்டிகிள் போர்டு மேசையில் இதுதான் உயிர். அந்தப் பலகையில் ஒரு சுற்று கூடுதலாகப் போனாலும் உள்ளே தூளாகி, ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றும். 3 அல்லது 4-இல் தொடங்கி, போதவில்லை என்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். துளை போடும்போது மட்டும் டிரில் படம் உள்ள இடத்துக்குத் திருப்புங்கள். அங்கே கிளட்ச் வழுக்காது. சுவிட்ச் போர்டு பிளேட்டை எந்த எண்ணிலும் வேண்டாம், கையாலேயே முடுக்கிவிடுங்கள். கார்ட்லெஸ் என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைத்து மெயினை அணைக்காமல் அங்கே கை வைக்கவும் கூடாது.

அப்புறம் பிட். நம் ஊர் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு பிஎச்2 என்ற கூட்டல் குறி வடிவ பிட் பொருந்தும். கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது பிஇசட்2. அதில் பிஎச்2-வைப் போட்டால் துள்ளித் துள்ளி ஸ்க்ரூ மண்டையைத் தேய்த்துவிடும். இரண்டிலும் நல்ல பிட்டாக ஒவ்வொன்று வாங்குங்கள். கெட்டியான மரம் என்றால் முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு ஸ்க்ரூ ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பிளக்கும்.

காசு கொடுக்கும் முன், அந்த மாடலுக்கு பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது பேட்டரி பாதி சார்ஜில் இருக்கட்டும். கொதிக்கிற மொட்டைமாடி அறை வேண்டாம்.