சாவி யார் கையில்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கணினி விளையாட்டுகளில் வைக்கப்படும் நகல் தடுப்பு, காசு கொடுத்து வாங்கும் நேர்மையாளர்களை அவமதிக்கிறது என்ற உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். விளையாட்டுகளை உருவாக்குகிறவன் அல்ல என்றாலும், ஒரு நிரலை முடித்து வெளியே அனுப்புவதற்குப் பின்னால் எத்தனை பேருடைய எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பதை அறிந்தவன். அதனால் உங்கள் கட்டுரை ஒருதலைப்பட்சமானதாகவே எனக்குப் பட்டது. திருடுகிறவனுக்கு ஒரு வரி, தடுக்கிறவனுக்குப் பத்துப் பத்தி என்று கண்டனத்தைப் பங்கிட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவரைப் பார்த்து, நேர்மையாளர்களை அவமதிக்கிறாய் என்று யாராவது சொல்வார்களா? முறையாக வாங்கியவருக்கு இதனால் அப்படியென்ன பெரிய இழப்பு?

இன்னொரு கேள்வியும் உண்டு. அது முதல் கேள்விக்கு முரணானது என்பது எனக்கே தெரிகிறது. மாணவனாக இருந்தபோது காசு சேர்த்து வாங்கிய ஒரு விளையாட்டின் குறுந்தகடு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதைய விண்டோஸில் அது இயங்குவதில்லை. அதன் ‘கிராக்’ செய்யப்பட்ட, அதாவது நகல் தடுப்பு உடைக்கப்பட்ட, பிரதி இணையத்தில் கிடைக்கிறது. அதை இறக்கி ஆடினால் நானும் திருடன்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

திருட்டுப் பிரதியால் இழப்பு உண்டா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. உண்டு. கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம் 2013-இல் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற விளையாட்டை எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது. அதே வேளையில் அதன் ‘கிராக்’ பிரதி ஒன்றை, இணையத்தில் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் டோரண்ட்டில் தானே விட்டது. ஒரு விளையாட்டு நிறுவனத்தை நடத்துவதுதான் அந்த விளையாட்டு; திருட்டுப் பிரதியில் மட்டும், ஆடுபவரின் கற்பனை நிறுவனம் சில காலத்தில் திருட்டு நகல்களாலேயே நொடித்துப்போகும். முதல் நாள் முடிவில் கணக்குப் பார்த்தபோது காசு கொடுத்து ஆடியவர்கள் 214 பேர். ஆடியவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் திருட்டுப் பிரதியில் இருந்தார்கள். அவர்களில் சிலர், திருட்டைத் தடுக்க விளையாட்டுக்குள் ஏதாவது வழி உண்டா என்று வெட்கமில்லாமல் கேட்டதும் நடந்தது. அந்த 94 விழுக்காட்டினரில் எத்தனை பேர் வேறு வழியில்லாவிட்டால் வாங்கியிருப்பார்கள் என்பது தனிக் கேள்வி. எல்லோருமே வாங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போடுவது நிறுவனங்களின் பழைய வழக்கம். ஆனால் ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதும் அதே அளவு வசதியான கற்பனைதான்.

ஆகவே தடுக்க நினைப்பதில் குற்றமில்லை. நான் குறை சொல்வது தடுக்கும் முறையை. நீங்கள் சொன்ன பூட்டையே எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பூட்டின் சாவி வீட்டை வாங்கியவரிடம் இருக்கிறது. கணினி விளையாட்டில், விற்று முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகும் சாவி விற்றவர் கையிலேயே இருக்கிறது. வாங்கியவர் உள்ளே போக விரும்பும்போதெல்லாம் அவர் வந்து திறந்துவிட வேண்டும். அவர் ஊரில் இல்லையென்றால், கடையை மூடிவிட்டுப் போய்விட்டாரென்றால், வாங்கியவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். திருடனோ பூட்டையே கழற்றிய கதவு வழியாகப் போகிறான். அவனுக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை. சோதனை முழுவதும் காசு கொடுத்தவர் மேல் விழுகிறது, அதுவும் அவர் காசு கொடுத்தார் என்பதாலேயே.

இந்தக் கோணல் இணையம் வந்த பிறகு உண்டானதல்ல. 1980-களில், கையேட்டின் இத்தனையாவது பக்கத்தில் இத்தனையாவது சொல் என்ன என்று விளையாட்டு கேட்கும். கையேட்டைத் தொலைத்தவர் ஆட முடியாது. அதே காலத்தில் ‘லென்ஸ்லாக்’ என்ற ஒரு கருவி வந்தது. திரையில் குலைந்து தெரியும் எழுத்துகளை, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பட்டகத்தின் வழியாகப் பார்த்துப் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். திரை மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் எழுத்துகள் கூடி வராது. ‘எலைட்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டின், ஸ்பெக்ட்ரம் என்ற அக்கால வீட்டுக் கணினிக்கான பதிப்பில் சில பெட்டிகளுக்குள் வேறொரு விளையாட்டின் பட்டகத்தையே வைத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெட்டியை வாங்கியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் பயனில்லை.

‘அப்படியென்ன பெரிய இழப்பு’ என்று நீங்கள் கேட்டதற்கு இனி வருகிறேன். 2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ‘ஸ்போர்’ விளையாட்டை செக்யூராம் என்ற பூட்டோடு வெளியிட்டது. மூன்று முறை மட்டுமே ஆக்டிவேட் செய்யலாம், அதாவது நிறுவிய பின் இணையம் வழியே நிறுவனத்திடம் ஒப்புதல் பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, தான் திருடனல்ல என்று விளக்க வேண்டும். கணினியை மாற்றுவதும் விண்டோஸை மீண்டும் நிறுவுவதும் எந்த ஆட்டக்காரரும் வழக்கமாகச் செய்கிற வேலைகள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அமேசானில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, வழக்குத் தொடரப்பட்டது, வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது. இத்தனைக்கும், முறையான விற்பனை தொடங்கும் முன்பே ‘கிராக்’ பிரதி வெளிவந்துவிட்டது. அந்த ஆண்டில் மிக அதிகமாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலில் முதலிடமும் அதற்குத்தான் கிடைத்தது.

2010-இல் யூபிசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. ‘அசாசின்ஸ் கிரீட் 2’-இன் கணினிப் பதிப்பைத் தனியாக ஆடுவதற்கும் இடைவிடாத இணையத் தொடர்பு வேண்டும். தொடர்பு அறுந்தால் ஆட்டமும் நின்றுவிடும். வெளியான அந்த மார்ச் மாதத்திலேயே நிறுவனத்தின் சர்வர்கள் தாக்குதலுக்குள்ளாயின. காசு கொடுத்தவர்களில் பலர் ஆட முடியாமல் காத்திருந்தார்கள். பிறகு அந்த நிபந்தனையை நிறுவனமே தளர்த்திக்கொண்டது. 2021 நவம்பரில், பல பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் டெனுவோ பூட்டின் ஓர் இணைய முகவரி செயலிழந்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல விளையாட்டுகள் சில மணி நேரம் திறக்க மறுத்தன. ‘ஓர் இணையத் தொடர்பு போதுமே’ என்று எளிதாகச் சொல்லலாம். அந்தத் தொடர்பின் மறுமுனையை யார், எத்தனை ஆண்டுகள், யார் செலவில் பராமரிப்பார்கள் என்பதை விற்பவர் எங்கும் சொல்வதில்லை.

பூட்டு வாசலில் மட்டும் நிற்பதுமில்லை. சில வேளைகளில் ஆட்டத்துக்குள்ளும் வந்து குறுக்கிடுகிறது. அதே ஆண்டில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ விளையாட்டின் கணினிப் பதிப்பு, சண்டையின் முக்கியமான கணங்களில் திக்கித் திக்கி ஓடியது. ‘கிராக்’ பிரதி அந்த இடங்களில் சீராக ஓடியதை டிஜிட்டல் ஃபவுண்ட்ரி என்ற தொழில்நுட்ப ஆய்வுக் குழு ஒப்பிட்டுக் காட்டிய பிறகு, கேப்காம் நிறுவனம் திருத்தம் ஒன்றை வெளியிட்டுச் சரிசெய்தது. நல்ல சரக்கு திருடனுக்கும் பழுதான சரக்கு வாங்கியவருக்கும் போய்ச்சேர்ந்த இந்த வணிகத்தை எந்த உவமையாலும் நியாயப்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தயாரித்தவரையே திருப்பித் தாக்கிய கதையும் உண்டு. 2006-இல் வந்த ‘டைட்டன் குவெஸ்ட்’ விளையாட்டின் திருட்டுப் பிரதி, பூட்டு சரியாக உடையாததால் ஆட்டத்தின் நடுவே நின்றுபோனது. அது தடுப்பு ஏற்பாட்டின் விளைவு என்று யாருக்கும் தெரியவில்லை. குறைபாடுள்ள விளையாட்டு என்ற பேச்சு விற்பனைத் தொடக்கத்திலேயே பரவிவிட்டது. வாங்க நினைத்த நேர்மையானவர்களில் சிலரும் அதைக் கேட்டுத் தயங்கியிருப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு முதலாவதைவிட முக்கியமானதாகப் படுகிறது. உங்கள் குறுந்தகடு இயங்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதன் பூட்டாகவே இருக்கும். சேஃப்டிஸ்க் போன்ற பழைய பூட்டுகள் விண்டோஸின் அடித்தளம் வரை ஊடுருவும் ஒரு டிரைவரை, அதாவது துணை நிரலை, நிறுவிக்கொள்பவை. அப்படிப்பட்ட டிரைவர் பாதுகாப்பில் ஓட்டை என்பதால் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடம் தரவில்லை. செக்யூராமின் சில பதிப்புகளுக்கும் அதே கதி. அதே ஆண்டு வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தம், பழைய விண்டோஸ்களிலும் சேஃப்டிஸ்க் டிரைவரை நிறுத்திவைத்தது. மைக்ரோசாஃப்ட் செய்ததில் பிழையில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: பல குறுந்தகடுகளில் விளையாட்டு நலமாக இருக்கிறது, பூட்டுதான் செத்துப்போயிருக்கிறது, அதை விற்றவர்களில் பலர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் திருடனா என்றால், என் கணக்கில் இல்லை. விலையைக் கொடுத்தீர்கள், வாங்கிய பொருளைத்தான் பயன்படுத்த விரும்புகிறீர்கள், இதனால் யாருக்கும் ஒரு காசும் குறையப்போவதில்லை. இதை நிறுவனங்களே ஒருமுறை செய்துகாட்டியிருக்கின்றன. 2008-இல் யூபிசாஃப்ட் தன் ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ விளையாட்டை இணையத்தில் வாங்கியவர்களுக்கு, குறுந்தகட்டைக் கேட்டு அடம்பிடித்த சிக்கலைத் தீர்க்க ஒரு கோப்பை அதிகாரபூர்வமாக வழங்கியது. அதைத் திறந்து ஆராய்ந்தவர்கள், அது ‘ரீலோடட்’ என்ற பூட்டுடைக்கும் குழு செய்த ‘கிராக்’ என்று கண்டுபிடித்தார்கள். தன் வாடிக்கையாளரின் கதவைத் திறக்க நிறுவனமே பூட்டுடைப்பவரை நாடிப் போயிற்று என்றால், உங்கள் மனச்சான்று அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் கணக்கு வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நகலெடுப்பது ஒருபுறமிருக்க, பூட்டை மீறுவதே தனிக் குற்றம். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதற்கு விலக்குகள் வழங்கப்படுகின்றன; சர்வர் கைவிடப்பட்ட விளையாட்டுகளுக்கு 2015-இல் அப்படி ஒரு விலக்கு கிடைத்தது, ஆனால் அதன் எல்லை மிகக் குறுகியது. வேறு பல நாடுகளிலும் இதைப் போன்ற சட்டங்கள் உண்டு. அதைவிட உடனடியான ஆபத்து, ‘கிராக்’ கோப்போடு சேர்ந்து வரும் வைரஸ். ஆகவே முதலில் உங்கள் விளையாட்டு ஜிஓஜி தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2008-இல் தொடங்கிய அந்தத் தளம், பழைய விளையாட்டுகளை இன்றைய விண்டோஸில் ஓடும்படி செய்து, பூட்டே இல்லாமல் விற்கிறது. ஒருமுறை வாங்கியதற்கு இரண்டாம் முறை காசா என்ற உங்கள் கோபம் நியாயமானது. விலை பெரும்பாலும் குறைவு என்பதற்கு மேல் என்னிடம் சமாதானம் இல்லை.

பூட்டில்லாமல் விற்றால் பிழைக்க முடியாது என்பதற்கு அதே நிறுவனத்தின் ‘விட்சர் 3’ நல்ல மறுப்பு. 2015-இல் ஜிஓஜியில் எந்தத் தடுப்பும் இல்லாமல் விற்கப்பட்ட அது, எல்லாக் கருவிகளிலுமாகச் சேர்த்து 50 மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. எல்லோரும் அப்படிச் செய்ய முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு பெயர் எல்லோருக்கும் இல்லை. டெனுவோவைப் பற்றி 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, விளையாட்டு வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருவாயில் சராசரியாக 20 விழுக்காடு அளவுக்கு இழப்பு நேரலாம் என்கிறது. இதை உங்கள் தரப்புக்கு வலுவான சான்றாகவே ஏற்கிறேன். அதே ஆய்வு, ஏறத்தாழ 12 வாரங்களுக்குப் பிறகு பூட்டு உடைந்தால் இழப்பு அநேகமாக இல்லை என்றும் சொல்கிறது. அப்படியானால் நான்காம் மாதம் முதல் அந்தப் பூட்டு யாரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது? 2016 மே மாதத்தில் வந்த ‘டூம்’ விளையாட்டிலிருந்து டெனுவோ அந்த டிசம்பரிலேயே நீக்கப்பட்டது. அப்படி நீக்கியவர்கள் வேறு சிலரும் உண்டு. நீக்காமலே விட்டுவிடுகிறவர்களும் நிறையப் பேர்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘தி குரூ’ கார்ப் பந்தய விளையாட்டு சான்று. 2014-இல் வெளியான அதைத் தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கிய எல்லாப் பிரதிகளும் ஒரே நாளில் பயனற்றுப்போயின. அதைத் தொடர்ந்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம், 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களிடம் பத்து லட்சத்துக்கு மேல் கையொப்பங்களைத் திரட்டியது. சர்வரை என்றென்றைக்கும் நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுப்போகச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை விற்கும் தளம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லிவிட்டுப் பறிக்கலாம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது என்பதே எனக்கு அதில் உள்ள குறை.

என் கோரிக்கை இவற்றைவிடச் சிறியது. ஸ்டீம் தளத்தின் விற்பனைப் பக்கங்களில், வெளியார் தயாரித்த பூட்டு இருந்தால் அதன் பெயரை ஒரு சிறு கட்டத்தில் இப்போதே அறிவிக்கிறார்கள். அந்தக் கட்டத்தில், இந்தப் பூட்டு எந்தத் தேதியில் நீக்கப்படும் என்று இன்னொரு வரியைச் சேர்த்து, அந்தத் தேதியில் சொன்னபடி நீக்கட்டும். அது வரை பூட்டோடு இருக்க நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்படும் என்பதை என்னைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் நீங்கள்.

அன்புடன்.