குடோன் கூரையில டிரில் போடலாமா?

கேள்வி: ஐயா வணக்கமுங்க. செவ்வாய்ப்பேட்டையில எங்கப்பா காலத்து குடோன் ஒண்ணு இருக்குதுங்க, கூரை பூரா பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, ஆபீஸ் ரூம் பக்கம் மட்டும் அதுக்குக் கீழ ஃபால்ஸ் சீலிங் அடிச்சிருக்கோம். வாடகைக்கு இருக்கற மளிகை மொத்த வியாபாரி மேல சோலார் போடணும், ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கணுங்கறார். ஆஸ்பெஸ்டாஸ் வச்சிருந்தாலே கேஸ் ஆயிடும்னு மச்சான் பயமுறுத்தறார். பிரிச்சு எறிஞ்சிடலாமுங்களா?
- வாசகர், சேலம்

பதில்: அவசரப்பட்டு பிரிக்காதீங்க. வச்சிருக்கறது குத்தம் இல்லீங்க, நம்ம நாட்டுல 1986-லயே புதுசா ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்துக்கு குத்தகை குடுக்கறத நிறுத்திட்டாங்க, ஆனா ஷீட்டு விக்கறதுக்கு தடை கிடையாது.

ஷீட்டுங்கறது சிமெண்ட்டுல ஆஸ்பெஸ்டாஸ்ங்கற கல்நாரைக் கலந்து அழுத்துனது, முழுசா இருக்கறவரைக்கும் நார் பெருசா வெளிய வராது. டிரில் போடறப்பவும் கட்டிங் மெஷின் வைக்கறப்பவும் சுத்தியல்ல உடைக்கறப்பவும்தான் கண்ணுக்கே தெரியாத தூசியா பறக்கும், அத இழுத்த ஆளுக்கு இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, இருபது முப்பது வருஷம் கழிச்சு நுரையீரல் புத்துநோயாவோ, நுரையீரலச் சுத்தி இருக்கற சவ்வுல வர்ற மீசோதீலியோமாங்கற புத்துநோயாவோ வரலாம், பீடி சிகரெட் பழக்கமும் இருந்தா நுரையீரல் புத்துநோய் ஆபத்து இன்னும் ரொம்ப ஏறிடும். இவ்ளோ தாமதமா வர்றதாலதான் 1995-ல சுப்ரீம் கோர்ட், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளோட மருத்துவ ரெக்கார்டை 40 வருஷம் வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு.

எனக்கு கூரைய விட அந்த ஃபால்ஸ் சீலிங்தான் கவலை. கூரை எல்லார் கண்ணுக்கும் தெரியுது, சீலிங்குக்கு மேல இருக்கறது தெரியாது, ஃபேனுக்கு ஒயர் இழுக்க வர்ற எலக்ட்ரீஷியன் தம்பி பாட்டுக்கு அதுல ஓட்டை போடுவான். சொத்து மாற்றச் சட்டம் 108-வது பிரிவு, ஓனருக்குத் தெரிஞ்சு, குடியிருக்கறவர் சாதாரணமா பாத்து கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தா ஓனர் சொல்லியே ஆகணுங்குது. பிரிட்டன்ல இன்னும் கறாரு, 1999-லயே தடை பண்ணிட்டாங்க, பழைய கடை, ஆபீஸ் கட்டடத்தப் பராமரிக்கறவர் ஆஸ்பெஸ்டாஸ் எங்க இருக்கு, எந்த நிலைமையில இருக்குன்னு எழுதி வச்சு, வேலைக்கு வர்ற ஆள்கிட்ட காட்டணும்னு 2012 விதி சொல்லுது. அந்த மாதிரி தனிச்சட்டம் இங்க இல்லேன்னாலும் நீங்க அதையே செய்யுங்க: ஒரு நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து, ஒரு காப்பி வாடகைக்காரர்கிட்ட குடுத்து கையெழுத்து வாங்கிக்குங்க.

சோலாருக்கு அந்த ஷீட்டுல ஒரு போல்ட்டு கூட வேணாம். பழைய ஷீட்டு மேல கால வச்சா பொத்துக்கிட்டு ஆள் கீழ விழுந்துடுவான், நோய்க்கு முந்தி உசுரே போயிடும். வேணும்னா தரையில இருந்து தனியா இரும்புத் தூண் நிறுத்தி மேல பேனல் போடட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் செவுத்துல வைங்க.

என்னிக்காவது பிரிக்கணும்னா முன்னாடியே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட சேலம் ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, கும்மிடிப்பூண்டியில அபாயக் கழிவு புதைக்கற இடம் இருக்கு. ஷீட்டு நல்லா நனைஞ்சிருக்கணும், போல்ட்ட கழட்டி முழுசா இறக்கணும், கனமான பாலித்தீன்ல சுத்தணும், இறக்கறவங்களுக்கு துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் பத்தாது, ரொம்ப நுண்ணிய தூசியையும் தடுக்கற பி100 ரக ஃபில்டர் மாஸ்க் வாங்கிக் குடுங்க. ஆட்டுக்கொட்டாய்க்கு வேணும்னு யாராச்சும் கேட்டா தயவு செஞ்சு குடுத்துடாதீங்க.

கேள்வி: ஏற்காட்டுல எங்க காப்பி குடோன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில பாசி புடிச்சிருக்கு, மழைக்கு முன்னாடி பிரஷர் வாஷ் அடிச்சு பெயிண்ட் பண்ணலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: பிரஷர் வாஷ் வேணாம்மா, கம்பி பிரஷும் வேணாம். வேகமா தண்ணி அடிச்சா மேல்பூச்சு அரிச்சு நார் தண்ணியோட ஓடி, காப்பி காயற களத்துல காஞ்சு மறுபடி தூசியாகும். பாசி மட்டும் இருக்கறதால அவசரம் ஒண்ணும் இல்ல. ஒழுகுற ஷீட்ட மட்டும் உடைக்காம கழட்டி மாத்துங்க, அதையும் மழை விட்ட மறுநாள் கூரை ஈரமா இருக்கறப்ப, பலகை போட்டு சேஃப்டி பெல்ட்டு மாட்டின ஆளை வச்சு செய்யச் சொல்லுங்க.