படகுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

சிறு படகு வாங்குவது பற்றி மலைப்பகுதி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் நான்கை இந்த வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் பதில் நீண்டுவிட்டது. அதில் உயிர் சம்பந்தப்பட்ட செய்திகள் இருப்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: எனக்கு 61 வயது. பணி ஓய்வு பெற்றுக் கோத்தகிரி அருகே வசிக்கிறேன். நண்பரின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குளம் இருக்கிறது. அதற்கு மேலே காய்கறிப் பாசனத்துக்காக பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வெட்டிய பெரிய குட்டை ஒன்றும் இருக்கிறது. "எதில் வேண்டுமானாலும் படகு விட்டுக்கொள்" என்கிறார். காலையில் ஒரு மணி நேரம் தனியாகத் துடுப்புப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோயம்புத்தூரில் ஒருவர் பத்தடி ஃபைபர் படகு செய்து தருவதாகச் சொல்கிறார். இணையத்தில் காற்றடைக்கும் படகு அதில் கால் பங்கு விலைக்குக் கிடைக்கிறது. எதுவும் வேண்டாம் என்கிறான் மகன். எதை வாங்கலாம்?

பதில்: அய்யா, படகைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் குட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விரிப்புப் போட்ட குட்டையில் தயவுசெய்து இறங்காதீர்கள். நனைந்த பிளாஸ்டிக்கில் பாசியும் படிந்துவிட்டால் சரிவில் கால் நிற்காது, கைக்கும் பிடி கிடைக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே கரைக்கு இரண்டடி அருகில் வந்தும் ஏற முடியாமல் களைத்துப்போய் மூழ்கிவிடுவார்கள். நீங்கள் படகு விடாவிட்டாலும் உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறுகளைக் கரையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடச் சொல்லுங்கள். தோட்டத்து வேலையாட்களின் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் வேலியும் வேண்டும்.

மண்கரை உள்ள குளம் உங்களுக்குப் பொருந்தும். அதிலும் மதகு எங்கே இருக்கிறது, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அந்த இரண்டுக்கும் விலகியே இருங்கள். மதகைத் திறக்கும் நாளில் படகு வேண்டாம். விடியற்காலையிலும் அந்தியிலும் காட்டெருமைகள் தண்ணீருக்கு வரும் இடமா என்பதையும் விசாரியுங்கள். அப்படியென்றால் வெயில் ஏறிய பிறகு போவதுதான் நல்லது. பனிமூட்டத்தில் கரையில் நிற்பது புதரா விலங்கா என்று தெரியாது.

இனி படகு. தனி ஆளுக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் விலையும் இல்லை, நீளமும் இல்லை, எடைதான். நான் முதலில் வாங்கியது ஃபைபர் படகு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அதைக் கொட்டகையிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோக நான்கு பேர் வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு பேரிடம் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்றரை ஆண்டில் அது தண்ணீரைத் தொட்டது ஏழெட்டு முறைதான். பத்தடி ஃபைபர் படகு தடிமனைப் பொறுத்து அறுபது, எண்பது கிலோவுக்குக் குறையாது. குளத்துக்குப் போகும் வழி தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை என்றால் அந்தப் படகை மறந்துவிடுங்கள். கரையிலேயே பூட்டி வைக்க இடமும் சரிவான மண்துறையும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்படி வாங்குவதானால் படகின் இரு முனைகளிலும் அடைத்த காற்றறை அல்லது நுரைக்கட்டி இருக்க வேண்டும், தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை முழுவதும் கொடுப்பதற்கு முன் படகில் தண்ணீரை ஊற்றிக் குளத்தில் மிதக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான படகுக்காரர் இதற்குத் தயங்க மாட்டார்.

காற்றடைக்கும் கயாக், அதாவது ஒடுங்கிய துடுப்புப் படகு, பதினைந்து கிலோ அளவில் முதுகுப்பையில் அடங்கிவிடும். உங்கள் நிலைக்கு அதுதான் ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் கால் பங்கு விலையில் வருவதெல்லாம் படகு என்று நம்பிவிடாதீர்கள். குளியல் குளத்து விளையாட்டுப் பொருள்களும் இதே பெயரில்தான் விற்கப்படுகின்றன. குறைந்தது மூன்று தனித்தனிக் காற்றறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, துணியிழை உள்ளே வைத்த தடித்த உறை, அழுத்த அளவு காட்டும் பம்பு, அடியில் நேராக ஓடச் செய்யும் மீன்துடுப்பு போன்ற தகடு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாதது எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

உயிர்க்கவசத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். படகோடு இலவசமாக வருவதை நம்பாதீர்கள். அதன் உட்புறச் சீட்டில் மிதப்பு விசை நியூட்டன் கணக்கில் அச்சிட்டிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்து, உதவி அருகிலேயே இருப்பவர்களுக்கு. 100 அல்லது அதற்கு மேல் என்றால், மயங்கிவிட்டவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பும் நோக்கில் செய்யப்பட்டது. தனியாகப் போகும் உங்களுக்கு 100-க்குக் குறைந்தது வேண்டாம். கால்களுக்கு இடையே வரும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் கவசம் காதுவரை ஏறிவிடும். வாங்கியதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று முழங்காலை மடக்கி, அது உங்களைத் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் மலைத் தண்ணீரின் குளிர். சமவெளிக் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. நம்மை அறியாமலே பெரிதாக மூச்சை உள்ளிழுப்போம். அப்போது வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரத்த அழுத்தமும் அந்த நேரத்தில் சட்டென்று ஏறும். அறுபதைத் தாண்டியவர் என்பதால், தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விழுந்துவிட்டால் உடனே நீந்த முயலாமல் கவசத்தில் மிதந்தபடி மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு படகைப் பிடியுங்கள். தோட்டத்தில் எல்லோரும் போடும் கம்பூட் என்ற ரப்பர் பூட்ஸ் படகில் கூடாது. தண்ணீர் நிறைந்தால் அதை அணிந்துகொண்டு படகில் ஏற முடியாது.

தனியாக இறக்கும் முறை எளிது. கரையில் உட்கார்ந்து கொண்டு தள்ளாதீர்கள், கல்லில் உரசிக் கிழியும். முழங்காலளவு தண்ணீரில் படகைக் கரைக்கு இணையாக நிறுத்துங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கட்டிய ஐந்து மீட்டர் கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், உடம்பில் கட்டாதீர்கள். இரண்டு விளிம்புகளையும் பற்றி முதலில் இருக்கையின் நடுவில் உட்காருங்கள். கால்கள் பிறகு உள்ளே வரட்டும். நின்றுகொண்டு ஒரு காலை வைத்து ஏறுகிறவர்கள்தான் விழுகிறார்கள். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதே காற்று உங்களைக் கொண்டுவந்து விடும். காற்று கரையிலிருந்து நடுக்குளத்தை நோக்கித் தள்ளும் நாளில் இறங்கவே வேண்டாம்.

முதல் மூன்று நாட்கள் தனியாகப் போகாதீர்கள். மகனைக் கரையில் நிறுத்தி, மார்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, மறுபடி ஏறிப் பழகுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் படகு மேலே புரளும். பின்பக்கமாகப் போய், கால்களை நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதைத்தபடி வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். இதை மகன் கண்ணால் பார்த்துவிட்டால் அவர் அச்சம் பாதி குறையும் என்று நினைக்கிறேன். விசில் ஒன்று கவசத்தில் தொங்கட்டும். போன் நீர்புகாத உறையில் உங்கள் உடம்போடு இருக்கட்டும், படகில் வேண்டாம். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இத்தனையும் செய்த பிறகு, பனி விலகும் நேரத்தில் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் ஓசை மட்டும் கேட்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகமில்லை அய்யா. ஆசையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் வசிக்கிறேன். இணையதளம் ஒன்றில் காற்றடைக்கும் கயாக் வாங்கினேன். மலையடிவாரத்துப் பெரியகுளம் ஊரில் உறவினர் தோப்புக் குளத்தில் ஓட்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. காற்றை இறக்காமல் ஜீப் மேல் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். மறுநாள் மதியம் வெயிலில் கிடந்தபோது ஒட்டிய ஓரம் விட்டுவிட்டது. "பத்து நாள் முடிந்துவிட்டது, நீர் விளையாட்டுப் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்கிறார் விற்பனையாளர். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அம்மா, உங்கள் வழக்கில் இரண்டு பக்கமும் இருக்கிறது. முதலில் உங்களுக்கு எதிரான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 78 விழுக்காடு அளவுதான். பெரியகுளத்தில் 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவுக்கு அடைத்த படகை அப்படியே மேலே கொண்டுவந்தால், வெளியிலிருந்து அழுத்தும் காற்று குறைவதால் உள்ளழுத்தம் மிஞ்சி நிற்கும். மலைக்குளிர் கொஞ்சம் குறைத்தாலும் அளவுமானியில் 5 வரை போய்விடும். அதற்கு மேல் வெயிலும் சேர்ந்தால் ஒட்டு தாங்காது. சமவெளியில் அடைத்த காற்றை மலை ஏறும்முன் இறக்கிவிட வேண்டும். காலைக் குளிரில் அடைத்தால் வெயிலில் போடக் கூடாது. நிழலில் அடைத்துத் தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, தளர்ந்திருந்தால் கொஞ்சம் அடைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் பக்கம். உடன் வந்த கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். உறையில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாட்டின் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே தனிப் புகார். விட்டுப்போன ஓரத்தைப் பாருங்கள். பிசின் சீராகப் பரவியிருந்து உறையே கிழிந்திருந்தால் அது அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம். பிசின் பாதி இடத்தில் பிடிக்காமல் பளபளவென்று உரிந்திருந்தால் தயாரிப்புக் குறைதான். மற்ற ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அங்கும் குமிழி வந்தால் உங்கள் வாதம் வலுக்கும். எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். நீங்களே ஒட்டிவிடாதீர்கள்.

விற்பனையாளர் "பத்து நாள்" என்று சொன்னதை பில்லில் காட்டச் சொல்லுங்கள். பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கடிதத்தில் ஜீப் பயணத்தை மறைக்காதீர்கள். அது பின்னால் தெரியவந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: உதகையில் இருக்கிறேன். பழைய பெட்ரோல் மோட்டாரோடு ஒரு சிறு படகு விலைக்கு வருகிறது. ஊட்டி ஏரி, பைக்காரா, எமரால்டு என்று போய்வரலாம் என்று எண்ணம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பொது ஏரிதானே, நாமும் படகை இறக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஊட்டியிலும் பைக்காராவிலும் படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. பைக்காராவும் எமரால்டும் மின் வாரியத்தின் நீர்த்தேக்கங்கள், சுற்றிலும் வனத்துறையின் காடு. மின் உற்பத்திக்காகத் தண்ணீரை எடுக்கும்போது மட்டம் இறங்கி, கரை வழுக்குச் சேறாகிவிடும். எழுத்தில் அனுமதி கையில் வராமல் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். எந்திரம் பொருத்திய படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் வேண்டும். விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். உதகை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அந்த மோட்டாரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். துடுப்புப் போடும் ஆசைதான் என்றால் படகுத்துறையில் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்துப் பத்து முறை ஓட்டுங்கள். பதினோராவது முறையும் ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மன்னவனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் சிறு குளம் இருக்கிறது. ஒகேனக்கல்லில் பார்த்தது போல ஒரு பரிசல் வாங்கித் தனியாக விடலாமா? சுற்றிக்கொண்டே இருக்குமோ?

பதில்: தாராளமாக வாங்கலாம். சிறு குளத்துக்குப் பரிசல் நல்ல தேர்வு. கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒருவரே நடந்துவிடலாம். சுற்றுவதற்குக் காரணம் துடுப்பைப் பக்கவாட்டில் போடுவது. விளிம்பருகே முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை உங்களுக்கு நேர் முன்னே ஊன்றி உங்களை நோக்கி இழுங்கள். நேராகப் போகும். காற்று வீசும் நாளில் மட்டும் எடுக்காதீர்கள். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் காற்று போகும் திசைக்கெல்லாம் பரிசலும் போகும். பரிசல் கட்டுகிறவரிடமே வாங்குங்கள். மூங்கில் சிம்புகளை அழுத்திப் பார்த்து, கருமை படர்ந்ததையும் வண்டு துளைத்ததையும் தள்ளிவிடுங்கள். ஏற்கெனவே வேறு ஏரியில் ஓடிய பரிசல் என்றால் உங்கள் குளத்தில் இறக்கும்முன் நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலும் குளம் மூடிவிடும்.