எம்எல்ஏ போட்டோ போட்டா கரண்ட் பில் குறையுமா? (கேள்வி பதில்)

நான் மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவன். எம்எல்ஏங்க "மக்களைச் சந்தித்து மனு பெற்றேன்"னு போடுற போஸ்ட், கரண்ட் விஷயம், ரெண்டையும் கேளுங்க. கமெண்ட்ல சர்வீஸ் நம்பர் மட்டும் போடாதீங்க, "இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட்"னு மெசேஜ் அனுப்பி ஏமாத்துற கும்பல் சுத்துது.

சார், எங்க எம்எல்ஏ மனு வாங்கிட்டு "கட்டணத்தைக் குறைக்க நடவடிக்கை"ன்னு போட்டிருக்காரு. குறையுமா?

அவர் கையில இல்லம்மா. 2003 மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிக்கிறது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அரசு மானியம் தரலாம், ஆனா அந்தப் பணத்தை முன்கூட்டியே வாரியத்துக்குக் கட்டணும்னு 65வது பிரிவு சொல்லுது, 2016ல வந்த 100 யூனிட் இலவசமும் மானியம்தான். அதனால போஸ்டுக்குக் கீழ "நன்றி அண்ணா" போடாம, ஆணையத்தோட கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனீங்களா, சட்டசபையில மானியம் பத்திப் பேசினீங்களான்னு கேளுங்க. அப்புறம் போட்டோவை ஜூம் பண்ணுங்க, பாக்கெட்ல டெஸ்டரோட ஓரமா ஒருத்தர் நின்னா அவர்தான் லைன்மேன், அவர் நம்பரை வாங்கி வெச்சுக்குங்க, அந்த விசிட்ல நமக்கு லாபம் அதுதான்.

தெருவிளக்கு எரியல சார், எம்எல்ஏவை டேக் பண்ணேன்.

தெருவிளக்கு மாநகராட்சி, பஞ்சாயத்து வேலை. அங்க போங்க.

எம்எல்ஏ நினைச்சா பில் குறையாதா?

மேல படிங்க தம்பி.

501 யூனிட் வந்துச்சு, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவா?

ரெண்டு மாச பில்லுக்கு, 2022 செப்டம்பர் கட்டணத்துல கணக்கு போட்டுக் காட்டுறேன். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபா, 501க்கு 1,958. 500ஐத் தாண்டினா 101-200க்கான சலுகை விலை 2.25 போய் 4.50 ஆயிடும், அதுலயே 225 போச்சு, அந்த ஒரு யூனிட்டுக்கு 8.

அதான் சார், மாசாமாசம் ரீடிங் எடுத்தா சரியாயிடும், 2021 தேர்தல்ல திமுக சொன்னதுதானே!

எல்லாரும் இதையே எழுதுறீங்க. ஸ்லாபும், அதான் யூனிட் வரம்பும், பாதியானா 500ங்கிறது 250 ஆயிடும், அப்ப லாபம் எங்க?

ரீடிங் 60 நாளுக்குப் பதிலா 68 நாள் கழிச்சு வந்தா, சார்?

அது நியாயமான கேள்வி, கூடுதல் நாள்லயே 500ஐத் தாண்டிடலாம். மாச ரீடிங்க விட இதுக்குத்தான் சண்டை போடணும். ரெண்டு ரீடிங் தேதியையும் எழுதி ஏஇ (உதவிப் பொறியாளர்) ஆபீஸ்ல மனு கொடுத்து ரசீது வாங்குங்க, அசையலைன்னா நுகர்வோர் குறைதீர் மன்றம், அதுக்கும் மேல மின் குறைதீர்ப்பாளர்.

சோலார் மானியம் எங்க எம்எல்ஏ வாங்கித் தந்ததாமே?

3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா, 2024ல வந்த ஒன்றிய அரசுத் திட்டம். நீங்களே ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம்.

பில் குறைய யாரை டேக் பண்ணணும் சார்?

ஏசியை.