கருப்பிக்கு எண்ணெய் தேய்த்து விடலாமா?

கேள்வி: எங்கள் பூனை கருப்பிக்கு 13 வயது. கிட்னி கோளாறு என்று தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறோம். மெலிந்துவிட்டாள், பீரோ மேல் ஏறுவதையும் விட்டுவிட்டாள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்த்துவிடச் சொல்கிறார் என் மாமியார். பூனைக்கு மசாஜ் செய்யலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பிடித்துவிடலாம், எண்ணெய்தான் கூடாது. பூனையின் மேல் எதைத் தடவினாலும் நக்கி நக்கி வயிற்றுக்குள் தள்ளிவிடும். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், நாம் மூட்டுவலிக்குப் பூசும் களிம்பு எல்லாமே அதற்கு விஷம். நம் ஈரல் சுலபமாக முறித்துவிடும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடிப்பதும் இதனால்தான்.

மசாஜால் கிட்னி தேறாது. ஆனால் பீரோ ஏறாததற்குக் கிட்னி மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை பெரும்பாலும் நொண்டாது, கத்தாது. ஏறுவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த முறை டாக்டரிடம் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இறுக்கத்துக்கு உங்கள் கை கொஞ்சம் இதம் தரும்.

அவளாக வந்து உட்காரும் நேரம் பார்த்து ஆரம்பியுங்கள். முதலில் கன்னம், தாடைக்கடி, காதடி. பிறகு உள்ளங்கையால் பிடரியிலிருந்து தோள் வரை மெல்ல நீவுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தாதீர்கள், இருபக்கச் சதையில் மட்டும் போதும். தொடையில் விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டம். மூடிய கண்ணிமையைத் தொடும் அழுத்தத்துக்கு மேல் வேண்டாம், மெலிந்த உடம்பு. வயிறும் வாலடியும் பக்கமே போகாதீர்கள். சலைன் இறங்கித் தொங்கும் வீக்கத்தையும் அமுக்காதீர்கள். ஊசி போடும் இடத்தில், அதே நேரத்தில் மசாஜ் செய்தால் உங்கள் கையைக் கண்டாலே ஓடுவாள். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு நிமிஷம் போதும். வால் நுனி துடித்தால், காது பின்னால் திரும்பினால், முதுகுத் தோல் சிலிர்த்தால் கையை எடுத்துவிடுங்கள். 'குர்குர்' சத்தத்தை நம்பாதீர்கள். வலியிலும் பூனை அப்படிச் சத்தமிடும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கைவைத்தியமே கூடாது. தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படும்படி தொங்கினால் அது சுளுக்கு அல்ல. கிட்னி நோயில் சிறுநீரோடு பொட்டாசியம் போய் தசை சோர்ந்திருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பின்னங்கால்கள் திடீரென்று சில்லிட்டு இழுபட்டால் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாமியார் காய்ச்சிய எண்ணெயை நீங்கள் உங்கள் முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கருப்பியைத் தொட வேண்டாம்.