பச்சை வெளிச்சத்துக்குச் சர்க்கரை தெரியுமா?

கேள்வி: ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் என்று மகன் ஆன்லைனில் ஒரு வாட்ச் வாங்கித் தந்தான். அடியில் பச்சை லைட் மின்னுகிறது. சாப்பிடும் முன் 112, சாப்பிட்ட பின் 118 என்கிறது. அதே நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் 230. இரவில் இன்சுலின் போடுகிறேன். எதை நம்புவது?
- வாசகி, தேனி

பதில்: குத்திப் பார்த்ததை நம்புங்கள் அம்மா. வாட்ச் மணி காட்டும், நாடித்துடிப்பையும் ஓரளவு சரியாகச் சொல்லும். சிவப்பான ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்க, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணுவது சுலபம்.

சர்க்கரை கதை வேறு. 100 மில்லி ரத்தத்தில், அதற்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 12 முதல் 15 கிராம். குளுக்கோஸோ 100 மில்லிகிராம்தான். அதற்கு நிறமும் கிடையாது. அகச்சிவப்பில் சில அலைநீளங்களை அது உறிஞ்சும், உண்மைதான். ஆனால் தண்ணீர், கொழுப்பு, புரதம் எல்லாம் அதே இடத்தில் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும்.

நான் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தவன். நாங்களும் சர்க்கரையை ஒளி வைத்துத்தான் அளந்தோம். ஆனால் முதலில் அதற்கு ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். ஒரு காலத்தில் ரத்த மாதிரியோடு ஆர்த்தோ டொலுயிடின் என்ற வேதிப்பொருளையும் அசிட்டிக் அமிலத்தையும் சேர்த்துக் கொதிநீரில் வைப்போம், பச்சையாக வரும். அந்தப் புளித்த நெடி வீடு வரைக்கும் கூடவே வரும். அப்புறம் நொதி முறை வந்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், இன்னொரு நொதி அதைக்கொண்டு இளஞ்சிவப்புச் சாயம் செய்யும். சர்க்கரை கூடக்கூடச் சாயம் அடர்த்தியாகும். அதைக் கலரிமீட்டரில், அதாவது நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியில், வைத்துப் பச்சை ஒளியில்தான் படிப்போம். ஆக, லேப்பிலும் பச்சை வெளிச்சம்தான். உங்கள் வாட்ச்சில் அந்தச் சாயம் இல்லை, அவ்வளவுதான்.

எவர்சென்ஸ் என்று ஒரு கருவி உண்டு, 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குளுக்கோஸ் வந்து ஒட்டினால் ஒளிரும் பொருள் பூசிய சிறு சென்சாரை டாக்டர் மேற்கையில் தோலுக்கு அடியில் வைப்பார். பார்த்தீர்களா, அங்கேயும் ஒரு வேதிப்பொருள் நடுவில் நிற்கிறது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

230-ஐ 118 என்று காட்டுவதைவிட, நடு இரவில் 50-க்கு இறங்கும்போதும் அது 112 என்று சொல்லிவிடுமோ என்பதுதான் என் பயம். இன்சுலின் அளவுக்கு அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கேள்வி: மாமனார் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே ஜெனரேட்டர் ஓட்டினார், தலைசுற்றி விழுந்தார். ஆக்சிமீட்டரில் 98 இருந்தும் டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். தேவைதானா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நிச்சயம் தேவை. ஆக்சிமீட்டருக்கு அடிப்படை தந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி, 1974-இல். விரலுக்குள் இரண்டு ஒளிகள் போகின்றன: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், ஏறாதது உறிஞ்சிக்கொள்ளும். இந்த வித்தியாசத்திலிருந்துதான் சதவீதம் வருகிறது.

ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்டதும் சிவப்பைக் கிட்டத்தட்ட அதேபோல விட்டுவிடும். இரண்டு ஒளி மட்டும் உள்ள கருவி ஏமாந்து 98 என்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்தம் எடுத்துப் பல அலைநீளங்களில் பார்க்கும் கருவி இருக்கும், அதுதான் பிரித்துச் சொல்லும்.

ஜெனரேட்டரை வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தால் போதாது.